தலைமாட்டுப் பூட்டு

எங்கள் ஊரில் பங்குனி பிறந்துவிட்டால் பகலில் ஒரு குழந்தையைத் தூங்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, மேடம். மலை கண்ணுக்கு எதிரேதான் நிற்கிறது, ஆனால் காற்று வருவதில்லை. எங்களுடையது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. ஃபேனைப் போட்டால் மேலே இருக்கிற சூட்டைக் கீழே இறக்கித் தரும், அவ்வளவுதான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தொட்டிலை நான் பகட்டுக்காக வாங்கவில்லை. தூங்குவதற்காக வாங்கினேன்.

என் பெயர் பெனின். சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். நெய்து வரும் துணியை விளக்கு மேசைமேல் ஓடவிட்டு, இழை விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. புண்ணின் மேல் போடுகிற துணி அது. குறை தெரிந்தால் அந்த இடத்தில் ஓரமாக ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். நான் நல்லதென்று விட்ட துணி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ரெனிட்டா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி ரொம்ப காலம் காத்திருந்து எங்களுக்கு மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்து ஒரே அழுகை. வயிற்றில் காற்று, போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். போகப்போக என்பது எவ்வளவு நாள் என்று அவர் சொல்லவில்லை. ரெனிட்டாவின் விடுப்பு முடிந்ததும் நான் ராத்திரி ஷிஃப்டை வாங்கிக்கொண்டேன். ராத்திரி துணி, பகலில் குழந்தை. உங்களுக்கும் ராத்திரி டியூட்டி இருக்கும். ஒருநாள், இரண்டு நாள் தூங்காமல் இருப்பது வேறு, மாதக்கணக்கில் தூங்காமல் இருப்பது வேறு. கண்ணைத் திறந்துகொண்டே மனிதன் சில வேலைகளைச் செய்துவிடுவான். செய்தோமா இல்லையா என்று பிறகு யோசிக்க வேண்டியிருக்கும்.

ராஜபாளையத்தில் ஒரு குழந்தைச் சாமான் கடையில் அந்தத் தொட்டிலைப் பார்த்தோம். இரும்புச் சட்டம், மேலே மோட்டார், நடுவில் மெத்தென்று துணி தைத்த படுக்கை. படுக்கையைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளத் தலைமாட்டில் ஒரு பூட்டு, கால்மாட்டில் ஒரு பூட்டு. துவைக்க வேண்டுமென்றால் கழற்றி மாட்டலாம். அழுகைச் சத்தம் கேட்டால் தானாக ஆடும், அழுகை கூடினால் வேகமும் கூடும் என்று கடைப் பெண் சொன்னாள். விலையைச் சொன்னபோது ரெனிட்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் தவணையில் எடுத்தேன்.

கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் தூக்கம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு பொருள் நன்றாக வேலை செய்த நாட்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்று காலையில்தான் படுக்கை துவைத்துக் காய்ந்து திரும்ப மாட்டப்பட்டிருந்தது. ரெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். "ஏங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. சாதாரணமாகக் கூப்பிடுவதைவிட மெதுவாகத்தான் கூப்பிட்டாள். எழுந்து போய்ப் பார்த்தால் படுக்கை தலைமாட்டுப் பக்கம் இறங்கித் தொங்குகிறது, மோட்டார் ஆடிக்கொண்டே இருக்கிறது, என் மகள் அவள் கையில் சிக்கிய கவுனின் விளிம்பில் தலைகீழாகத் தொங்குகிறாள். தரைக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. குழந்தை அழவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஒரு கீறல் இல்லை. இருவரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்தோம். ரெனிட்டா அந்தத் தொட்டிலை மடக்கிப் பரணில் போடச் சொன்னாள். பரணில் போட்டால் குறை பரணில்தான் இருக்கும், இல்லாமல் போய்விடாது என்று நான் சொன்னேன். இதே தொட்டில் வேறு எத்தனை வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிறதோ. அப்படி நினைத்தது தப்பில்லையே, மேடம்.

கடையில் சொன்னேன், கம்பெனிக்கும் போன் செய்தேன். மதுரையிலிருந்து மாரிசெல்வம் என்று ஒரு சர்வீஸ் பையன் வந்தான். நல்ல பையன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். குழந்தை எடைக்கு ஒரு மணல் பை கொண்டு வந்திருந்தான். அதைப் படுக்கையில் போட்டு, எல்லா வேகத்திலும் காலை முழுவதும் ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

"சார், லாக்கு நல்லாத்தான் இருக்கு. 'டக்'குன்னு சத்தம் கேக்குற வரைக்கும் அமுக்கணும் சார். அரைகுறையா மாட்டுனா ஆட ஆட நழுவிரும். அன்னைக்கு யாரு மாட்டுனது?"

"வீட்ல" என்றேன்.

அவன் ரெனிட்டாவைப் பார்த்தான். அவள் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பொருளில் குறை இல்லை, வீட்டிலுள்ள பெண்மணி சரியாகப் பொருத்தாததே காரணம், இருந்தாலும் வாடிக்கையாளரின் மனத்திருப்திக்காக முழு விலையையும் திருப்பித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். குறை எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான்.

"வாங்கிட்டு விட்டுருங்க. பாப்பா நல்லாருக்கா. அது போதும்" என்றாள் ரெனிட்டா.

"உம்பேர்ல பழியத் தூக்கிப் போடுதான். அத எப்படி விடச் சொல்லுத?"

"எம்பேர்ல போட்டது யாரு?" என்று கேட்டாள். கம்பெனிக்காரன்தான் என்றேன். அவள் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் மனைவியின் பெயருக்காகத்தான் நான் கேஸ் போட்டேன். இதை நான் வக்கீலிடமும் சொன்னேன், எங்கள் சபைப் போதகரிடமும் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

நுகர்வோர் கேஸ் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போக வேண்டும். கோர்ட்டுக்குப் பக்கத்தில் அனுசியா என்று ஒரு வக்கீலம்மா. நேர்மையானவர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பணம்தான் வேணும்னா நாளைக்கே வாங்கித் தந்துருவேன் சார். குறை இருக்குன்னு தீர்ப்பு வேணும்னா அந்தக் குறைய நாம காட்டணும். இருக்குங்கிறது நீங்க, இல்லங்கிறது அவங்க. புள்ளைக்கு அடி கிடி பட்டிருந்தா ஆஸ்பத்திரிச் சீட்டாவது இருந்திருக்கும். கடவுள் புண்ணியத்துல அது இல்ல. நல்லதுதான."

"நல்லதுதான்" என்று நானும் சொன்னேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன். ஆண்டாள் கோயில் கோபுரம் வெயிலில் நின்றது. பால்கோவாக் கடைகளில் கூட்டம். அந்த அம்மா சொன்னதில் ஒரே ஒரு பகுதி மட்டும் என்கூடவே நடந்து வந்தது. அடி பட்டிருந்தால் சீட்டு இருந்திருக்கும். அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். கேட்டவனுக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டுவிட்டது.

வாய்தா மேல் வாய்தா. கம்பெனி வக்கீலுக்கு ஒருநாள் உடம்பு சரியில்லை, ஒருநாள் பதில் தயாராகவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, கேஸ் என்றால் இப்படித்தான். நான் ராத்திரி ஷிஃப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருப்பேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாராவது தட்டி எழுப்புவார்கள். மில்லில் என் மேலதிகாரி, "பெனின், போதும்ப்பா, மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். எல்லாரும் போதும் என்றுதான் சொன்னார்கள். ஒருவர்கூட அந்தப் பூட்டில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதனால் நானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் அரிசிப் பை. நாள் கணக்கில் ஆட்டியும் பூட்டு அசையவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம். மணலும் அரிசியும் கிடந்த இடத்தில் கிடக்கும். குழந்தை காலை உதைக்கும், புரளும், முதுகை வளைக்கும். உயிருள்ள எடை வேறு. இது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. சும்மா கிடக்கிற துணியில் குறை தெரியாது, இழுத்துப் பிடித்தால்தான் தெரியும்.

தெருக்கோடியில் சோணைமுத்து அண்ணன் வெள்ளை நாய்கள் வளர்த்து விற்கிறார். ஒரு குட்டியை ஒருநாள் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். குழந்தை எடைதான் இருந்தது. வேகத்தைக் கூட்டினேன். குட்டி பயந்து வெளியே குதித்தது. முன்னங்கால் ஒடிந்துவிட்டது. பூட்டு திறக்கவில்லை என்பதால் அந்தச் சோதனை எதற்கும் உதவவில்லை. மாடிப்படியில் உருண்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "உயிருள்ளதப் பாத்துக்கத் தெரியலன்னா வாங்கக் கூடாது தம்பி" என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அந்த வாரம் ரெனிட்டா மகளைத் தூக்கிக்கொண்டு மம்சாபுரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. அங்கிருந்து பள்ளிக்கூடம் பக்கம் என்று சொன்னாள். அது உண்மைதான். மகளும் அதற்குள் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தாள். தொட்டில் வயது தாண்டிவிட்டது. அப்படியே இருந்திருந்தால் எல்லாம் தானாக ஓய்ந்திருக்கும்.

அனுசியா அம்மாவிடமிருந்து போன் வந்தது. தொட்டிலைச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்ற எங்கள் மனுவை நுகர்வோர் ஆணையம் ஏற்றுக்கொண்டது. "இனி நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். பத்திரமா பேக் பண்ணி மட்டும் வைங்க. ஆளு வந்து எடுத்துட்டுப் போவாங்க." சந்தோஷமாகத்தான் சொன்னார்.

நான் அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். மடக்குவதற்காகச் சட்டத்தில் கை வைத்தபோது ஒன்று தோன்றியது. அங்கேயும் மணல் பைதான் போடுவார்கள். ஆட்டிப் பார்ப்பார்கள். குறை இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு அதுதான் கடைசி வார்த்தை. அன்று அந்த வீட்டில் படுக்கையைச் சரியாக மாட்டவில்லை என்பது ஊருக்கே தீர்ந்துபோன விஷயமாகிவிடும். தொட்டில் என் கையை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு முறை, ஒரே ஒரு முறை, அது செய்ததை அது திரும்பச் செய்து காட்ட வேண்டும். நான் பெட்டியை ஓரமாக வைத்தேன்.

பிளஸ்ஸி என் தங்கச்சி. சேத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ரிச்சர்ட் திருப்பூரில் வேலை பார்க்கிறார். அவர்களுக்குப் பிறந்த பையனுக்கு எங்கள் அப்பா பெயரை வைத்தார்கள், தேவஇரக்கம் என்று. ஞானஸ்நானத்தின்போது நான்தான் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். நான் பெட்டியை ஓரமாக வைத்த அன்றைக்குப் பிளஸ்ஸி பையனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, செத்த நேரம் இவனப் பாத்துக்கயேன். பேங்குல ஒரு வேல இருக்கு, இந்த வெயில்ல இவனத் தூக்கிட்டு லைன்ல நிக்க முடியாது. முடிச்சிட்டு வந்துருதேன்."

"போய்ட்டு வா. எம்புட்டு நேரமானாலும் பரவால்ல."

அவள் செருப்பைப் போட்டவள் திரும்பிப் பார்த்தாள். "கோர்ட்டுல கேஸ் கெடக்குற தொட்டில்தான இது? இன்னும் ஏன் நிமுத்தி வச்சிருக்க? இதுல போட்டுறாதண்ணே."

"ஏட்டி, எனக்குத் தெரியாதா. பாயிலதான் போடுவேன்."

அது பொய். ஆனால் சொன்னபோது அது பொய்யாக இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். பாயை விரித்தேன். பையனைப் படுக்க வைத்தேன். ஊசி போட்ட தொடை லேசாக வீங்கியிருந்தது, தடவிக் கொடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தான். பல் இல்லாத சிரிப்பு, எங்கள் அப்பாவின் கடைசிக்காலச் சிரிப்பு மாதிரியே இருந்தது. அப்புறம் அழ ஆரம்பித்தான். அழுகைச் சத்தம் கேட்டதும் பக்கத்தில் வெறுந்தொட்டில் தானாக ஆட ஆரம்பித்தது. ப்ளக்கைப் பிடுங்காமல்தான் வைத்திருந்திருக்கிறேன்.

நான் ஒன்றும் மூர்க்கன் இல்லை. முதலில் தரையில் மெத்தையைப் போட்டேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, படம் எடுக்க விட்டேன். அவனைப் படுக்கையில் கிடத்தி, இரண்டு பூட்டையும் சத்தம் கேட்க அமுக்கினேன். பக்கத்திலேயே நின்றேன். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம். இதுதான் நான் போட்டிருந்த திட்டம், இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவன் விழவில்லை. தூங்கிவிட்டான். அந்தத் தொட்டில் அவ்வளவு நன்றாக ஆடியது. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். முழிப்புத் தட்டிக் கையைக் காலை உதைத்தான், உயிருள்ள எடை எப்படி அசைய வேண்டுமோ அப்படி அசைந்தான். பூட்டு அப்படியே நின்றது. போனில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். கீழே மெத்தை கிடப்பது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தால் ஏற்பாடு செய்து எடுத்தது என்பார்கள். மெத்தையை இழுத்து ஓரமாக்கினேன். டைல்ஸ் தரை.

பிளஸ்ஸி போன் செய்தாள். வேலை முடிந்துவிட்டது, ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறேன் என்றாள். அவன் என்ன செய்கிறான் என்று கேட்டாள். தூங்குகிறான் என்றேன். போனைத் திரும்ப அலமாரியில் சாய்த்து, படம் எடுக்க விட்டேன்.

மேடம், அந்தப் பூட்டில் குறை இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்று நேரமில்லாத காரணத்தால் மட்டும் வெளியே வராமல் இருந்தது. என் மகளுக்கு நடந்த அன்று பூட்டு எந்த நிலையில் இருந்திருக்குமோ அந்த நிலைக்கு நான் அதைக் கொண்டுவந்தேன். கட்டை விரலால்தான். முழுக்கத் திறக்கவில்லை, பாதி. பாதி திறந்த பூட்டு குழந்தையைக் கீழே விடுமென்றால் அதுவும் குறைதானே. விரலை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

நாலைந்து ஆட்டம் ஆடியிருக்கும். பூட்டு நழுவுவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. என் மகளுக்கு அன்றைக்கு நடந்த மாதிரியே தலைமாடு இறங்கியது. நான் நின்ற இடத்திலிருந்து கை எட்டும். எட்டும் தூரத்தில்தான் நின்றேன். ஆனால் கையை நீட்டினால் பூட்டு மறைந்துவிடும். படத்தில் என் கைதான் தெரியும், குறை தெரியாது. அவ்வளவு நேரமும் அந்த ஒன்றுக்காகத்தானே காத்திருந்தேன்.

நான் கையை நீட்டவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. தேங்காயைத் தரையில் வைக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு மோட்டார் ஓடுகிற சத்தம். நான் முதலில் போனை எடுத்து, பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன். பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்கினேன்.

பிளஸ்ஸி படியேறி வரும்போது நான் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்துவிட்டான். கண்ணைத் திறக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. வலது கையையும் காலையும் அசைக்கவில்லை. அசைப்பான் என்றோ மாட்டான் என்றோ டாக்டர்கள் சொல்லவில்லை. போகப்போகத் தெரியும் என்கிறார்கள்.

அழுதான், ஆட்டினால்தான் தூங்குவான் போலிருந்தது, அசதியில் தொட்டிலில் போட்டுவிட்டேன் என்று பிளஸ்ஸியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னண்ணே செய்வ. நீயும் தூங்காம கெடக்குற ஆளு. அந்தப் பாழாப்போன தொட்டில்தான்" என்றாள். ரிச்சர்ட் திருப்பூரிலிருந்து வந்து என் தோளைத் தொட்டு, "நீங்க சொன்னப்ப யாரும் கேக்கலையே மச்சான்" என்றார். முதல் தடவையாக ஆட்கள் தொட்டிலைக் குறை சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில்தான் நான் அயர்ந்து தூங்கினேன்.

தூங்கி எழுந்து, முன்பகுதியை வெட்டிவிட்டு அந்தப் படத்தை அனுசியா அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"யாரு புள்ள சார் இது?"

"தங்கச்சி பையன். பூட்டு தெளிவா தெரியுது பாத்தீங்களா மேடம்?"

"இத எடுத்தது யாரு?"

"நான்தான்."

"எடுக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டார். பக்கத்தில்தான் என்றேன். "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். படித்தவர், ஒரு ஆதாரத்தைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

ரெனிட்டா மறுநாள் மதுரைக்கு வந்தாள். பிளஸ்ஸிக்கு மாற்றுத்துணியும் சாப்பாடும் கொண்டு வந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பையனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து போனைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். வெட்டியதை மட்டும்தான் காட்ட நினைத்தேன், வெட்டாதது அதிலேயே இருப்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் முழுவதையும் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு டீச்சர் விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நம்ம பாப்பா விழுந்த அன்னைக்கும் மாட்டுனது நீங்கதான" என்றாள்.

நான் போனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, கண்ணு சொருகச் சொருக, நீங்கதான் மாட்டுனீங்க. நான் மாட்டுறேன்னு சொன்னேன். உனக்குச் சரியா வராதுன்னீங்க. அந்தப் பையன் கேட்டப்ப வீட்லன்னு சொன்னீங்க. சரி, ஆம்பள, நாலு பேரு முன்னால ஒத்துக்க வெக்கப்படுதாருன்னு வாய மூடிக்கிட்டேன். அதுக்கு இம்புட்டா?"

அவள் அழவில்லை. போனைத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்து பிளஸ்ஸியிடம் போனாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிளஸ்ஸி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வேறு யாரையோ பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அதன் பிறகு அந்தப் போன் உங்களிடம் வந்தது. நீங்களும் முழுவதையும் பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்கு மாட்டியது நான்தான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது கஷ்டம் இல்லை. ஆனால் சத்தம் கேட்டது, மேடம். நான் அமுக்கியபோது சத்தம் கேட்டது என்றுதான் நினைவு. குறையைப் பார்த்தே பிழைக்கிறவன் நான், அதைக் கேட்காமல் விட்டிருக்க மாட்டேன். பிளஸ்ஸி பையனுக்கு நடந்ததற்கு நான் பொறுப்பு. விரலை வைத்தது நான், மெத்தையை எடுத்தது நான், கை எட்டியும் நீட்டாதது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். முன்னது வேறு, இது வேறு. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டாம்.

கேட்பதற்கு எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது. அந்தத் தொட்டிலை ஸ்டேஷன் முற்றத்தில், பிடித்து வைத்த வண்டிகளுக்கு நடுவில் போட்டிருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். மலைமேல் மழை இறங்கியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் இங்கேயும் வரும். யாரையாவது விட்டு ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். பூட்டு துருப்பிடித்துவிட்டால், ஆய்வகத்தில் அதன் குறையைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.